நூல் கடித்த பல்

அந்தக் கண் ஆராய்ச்சி மையத்தில் அவளுக்கு 'அசையாதீங்க' என்று பெயர். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருந்தது. அது யாருக்கும் நினைவில் இல்லை. காலையில் முதல் ஆளை நாற்காலியில் உட்கார வைத்ததிலிருந்து மாலையில் கடைசி ஆளை எழுப்பி அனுப்பும்வரை அவள் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான். வீட்டில் சாப்பாடு போடும்போதுகூட ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். அவள் கணவன் தட்டை ஏந்தியபடி சிலையாக நின்று, "இப்ப மூச்சு விடலாமா?" என்று கேட்டான். "அசையாதீங்க மேடம் ரூம் எது?" என்று வாசலில் கேட்டால் காவலாளி மூன்றாவது கதவைக் கை காட்டுவார்.

அசையக் கூடாது என்பதற்குக் காரணம் உண்டு. சாதாரண மைக்ராஸ்கோப்பில், செத்த திசுவை மெல்லிசாகச் சீவிக் கண்ணாடித் துண்டில் ஒட்டிப் பார்ப்பார்கள். அது எங்கேயும் ஓடாது. இவளிடம் இருந்த யந்திரமோ, உயிரோடு உட்கார்ந்திருக்கும் மனிதரின் கண்ணுக்குள் நுழைந்து, பின்சுவரில் படிந்திருக்கும் விழித்திரையில், ஒளியை வாங்கும் செல்களை ஒவ்வொன்றாகப் பார்க்கும். ஒரு தலைமுடியின் அகலத்தில் பத்துப் பதினைந்து செல்கள் அடங்கிவிடும். யாருடைய கண்ணும் உள்ளே சீராக இருப்பதில்லை. போய்த் திரும்பும் வெளிச்சம் கோணல்மாணலாகத்தான் வெளியே வரும். அந்தக் கோணலை அளந்து, அதற்குத் தகுந்தபடி நொடிக்கு நூறு முறை தன் முகத்தைக் கோணிக்கொள்ளும் குட்டிக் கண்ணாடி ஒன்று யந்திரத்துக்குள் இருந்தது. அவ்வளவு கெட்டிக்காரக் கண்ணாடியும் ஒரு விஷயத்தில் கையை விரித்துவிடும். உட்கார்ந்திருப்பவர் தலையை ஆட்டினால் படம் கலைந்துவிடும்.

அதற்குத்தான் பல்லச்சு. லாடம் போல வளைந்த தகட்டில் பல் வைத்தியர்கள் அச்செடுக்கும் மெழுகை அப்பி, வெந்நீரில் இளக்கி, வந்தவரை இரண்டு நிமிடம் கடிக்கச் சொல்வாள். மெழுகு இறுகியதும் அவருடைய பல்வரிசை அதில் குழி குழியாகப் பதிந்திருக்கும். யந்திரத்துக்கு முன்னால் இருக்கும் கம்பியில் அதை முடுக்கி, அவரைத் திரும்பக் கடிக்கச் சொன்னால், ஒவ்வொரு பல்லும் தன் குழியில் போய் உட்காரும். பிறகு தலை மயிரிழைகூட நகராது. ஒருவர் அச்சு இன்னொருவருக்கு ஆகாது. மறுபடி வரும்போது வேண்டுமே என்று அவற்றை டப்பாக்களில் போட்டு அலமாரியில் அடுக்கி வைத்திருந்தாள். அங்கே பார்ப்பது பரம்பரைக் கண் நோய் என்பதால் குடும்பத்துக்கு ஓர் எண், குடும்பத்துக்குள் ஆளுக்கு ஓர் எண்.

பதினேழாம் குடும்பத்தில் இரண்டு பேர், அண்ணனும் தம்பியும். அண்ணன் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கத் தொடங்கியதும் யாரும் சொல்லாமலே போய்ச் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தவர். இப்போது குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் தெரிந்தது. தம்பி தையல்காரர். அவருக்கு ஓரமும் போய், நடுவும் மங்கிக்கொண்டு வந்தது. அப்பா விட்டுப்போன சொத்து என்று சொல்லிக்கொள்ள வேறொன்றும் இல்லாத அந்தக் குடும்பத்தில், இந்த நோய் மட்டும் பாகப்பிரிவினை இல்லாமல் இருவருக்கும் முழுசாக வந்திருந்தது.

மையத்தில் புதிய சிகிச்சை ஒன்று தொடங்கவிருந்தது. கண்ணுக்குள் ஒரே ஒரு முறை போடும் மருந்து. செத்த செல்லை அது எழுப்பாது. இருப்பதைச் சாகவிடாமல் பிடித்து வைக்கும் என்று நம்பினார்கள். ஆகவே விழித்திரையின் நடுவில் உயிருள்ள செல்கள் இருப்பதைப் படத்தில் காட்டியவர்களுக்குத்தான் இடம். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குப் பட்டியல் போக வேண்டும். அதில் அண்ணன் பெயர் இருந்தது. தம்பியின் அறிக்கையில் பெரிய டாக்டர், 'நடுப்பகுதியில் செல்கள் காணப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு டிரைவர் கதவு நிலையைத் தடவிக்கொண்டு உள்ளே வந்தார். நாற்காலியைத் தொட்டுப் பார்த்து உட்கார்ந்தார்.

"அம்மா, என் பேரை எடுத்துடுங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன சார் சொல்றீங்க? உங்க படம் எவ்வளவு நல்லா வந்திருக்கு தெரியுமா? இந்த இடத்துக்காக எத்தனை பேர் காத்துட்டு இருக்காங்க."

"அவங்கள்ல யாருக்காவது கொடுங்க. தம்பிக்கு இல்லன்னா எனக்கும் வேண்டாம். நான் மட்டும் கண்ணு தெரிஞ்சு, அவன் தட்டுத் தடுமாறி நடக்கறதைப் பாத்துட்டு உட்கார்ந்திருக்கணுமா? அதுக்கு இது எவ்வளவோ மேல்."

"இது பிடிவாதம் சார்."

"ஆமா, எங்க வீட்ல எல்லாருக்கும் இருக்கு." பிறகு, "ஒண்ணு கேக்கறேன். நடுவுல செல்லே இல்லன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் எப்படிம்மா அவன் போன வாரம் வரைக்கும் காஜா தைச்சான்? சட்டைக்கு எட்டு பட்டன், எட்டு காஜா. ஒண்ணுகூட கோணல் இல்ல" என்றார்.

"கைப் பழக்கம் சார். முப்பது வருஷமா தைக்கறவரு."

சொல்லிவிட்டாளே தவிர, சொன்ன பதில் அவளுக்கே ருசிக்கவில்லை. டிரைவர் கையெழுத்துப் போடத் தாள் கேட்டார். விலகுகிறவர்களின் அச்சைத் தூக்கி எறிந்துவிட வேண்டும் என்பது மையத்து வழக்கம். தாளைத் தேடும் சாக்கில் அலமாரிக்குப் போய் 17-1 என்று எழுதியிருந்த டிரைவரின் டப்பாவை எடுத்துத் திறந்தாள். எறியும் உத்தேசம் அவளுக்கு இல்லை. கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

மெழுகில் மேல்வரிசைப் பற்கள் பதிந்திருந்தன. முன்பல் ஒன்றின் குழி நடுவில் சின்னதாக ஒரு முகடு தூக்கிக்கொண்டு நின்றது. பல்லின் விளிம்பில் பள்ளம் இருந்தால்தான் மெழுகில் முகடு வரும்.

முதல் நாள் அவள் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். "என்ன சார், பல்லுல வாய்க்கால் வெட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டதற்கு, "நூலைப் பல்லாலதான் வெட்டுவேன் மேடம், கத்திரியைத் தேடறதுக்குள்ள ரெண்டு பட்டன் தைச்சுடலாம்" என்று பதில் வந்தது. பதில் சொன்னவர் தம்பி. டிரைவருக்கு அப்படிப் பள்ளம் கிடையாது.

அவள் 17-2 டப்பாவையும் திறந்தாள். வழவழவென்று பதிந்த முன்பற்கள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

நடந்தது முழுவதும் ஒரே நொடியில் கண் முன்னால் வந்து நின்றது. முதல் நாள் இருவருக்கும் அச்செடுத்தாள். அண்ணனுக்கு அன்றே படம் எடுத்தாயிற்று. தம்பிக்கு எவ்வளவு சொட்டு மருந்து விட்டும் கண்மணி விரியவில்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்று அனுப்பினாள். அன்று மாலை இரண்டு அச்சையும் ஒரே தட்டில் போட்டு ஸ்பிரிட்டில் கழுவினாள். தகட்டில் மார்க்கரால் எழுதிய எண்கள் கரைந்து நீலத் தண்ணீராகப் போயின. வேறு யாராவது என்றால் ஃபைலில் ஒட்டியிருக்கும் பல் போட்டோவை எடுத்து ஒத்துப் பார்த்திருப்பார்கள். அவள் பார்க்கவில்லை. பதினோரு வருடத்தில் ஒரு முகம், ஒரு பல், ஒரு கண் அவளுக்கு மறந்ததில்லை என்று அவளுக்கு ஒரு கர்வம். ஞாபகத்திலிருந்தே எண்களைத் திரும்ப எழுதிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

ஆக, திங்கட்கிழமை தம்பி கடித்தது அண்ணனின் அச்சை.

அதுவாவது போகட்டும். அன்று அவர் அச்சை வாயிலிருந்து எடுத்து, "மேடம், இது ஒரு பக்கம் குத்துது, சரியா உட்காரல" என்று சொன்னார். "முதல்ல எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் சார்" என்று சொல்லித் திரும்ப வாயில் வைத்தாள். அதற்கப்புறம் அவர் ஏதோ "ம்ம், ம்ம்" என்றார். வாய் நிறைய மெழுகை வைத்துக்கொண்டு மனிதர் வேறு எப்படித்தான் முறையிடுவார்? அவளுக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். "அசையாதீங்க" என்றாள்.

படம் கலங்கலாகத்தான் வந்தது. ரத்தக் குழாய்கள் மட்டும் அங்கங்கே தெரிந்தன. செல் இல்லாத இடம் இப்படித்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லி, படிவத்தில் 'படத்தின் தரம்' என்ற கட்டத்தில் 'தெளிவு' என்று டிக் அடித்தாள். பெரிய டாக்டர் அந்த டிக்கை நம்பினார். நம்பித்தான் 'காணப்படவில்லை' என்று எழுதினார்.

"தாள் கிடைக்கலையா அம்மா?" என்றார் டிரைவர்.

"கொஞ்சம் இருங்க சார். இதோ வந்துடறேன்."

பெரிய டாக்டரின் அறை மாடியில். படியேறும்போது அவளுக்கு ஒரு யோசனை ஓடியது, ஓடவில்லை என்று சொன்னால் பொய். தம்பியைக் கூப்பிட்டு, 'இன்னொரு படம் வேண்டும்' என்று மட்டும் சொல்லி எடுத்துவிட்டால் என்ன? யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் 'தெளிவு' என்று அவள் கைப்பட டிக் அடித்த படம் ஃபைலில் உட்கார்ந்திருக்கிறது. அது இருக்கும்வரை மையத்து விதிப்படி இரண்டாவது படத்துக்கு இடமில்லை. அடித்தவள்தான் அதை அடித்துத் திருத்த வேண்டும், ஏன் என்றும் எழுத வேண்டும். பூசி மெழுக வழியே இல்லை. கால் நிற்காமல் ஏறியது.

பெரிய டாக்டர் அறுபது வயதுப் பெண்மணி. அவர் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். பேசாமல் பார்ப்பதைத்தான் யாராலும் தாங்க முடியாது. அவள் இரண்டு அச்சையும் மேசையில் வைத்து, ஸ்பிரிட் தட்டிலிருந்து ஆரம்பித்து, தையல்காரர் குத்துகிறது என்று சொன்னதுவரை ஒன்றையும் மென்று விழுங்காமல் சொன்னாள். டாக்டர் அச்சைக் கையில் எடுத்து அந்த முகட்டைக் கட்டைவிரலால் தடவினார்.

"பதினோரு வருஷமா இங்க இருக்கீங்க" என்றார் கடைசியில்.

"ஆமா டாக்டர்."

"அதனாலதான் இந்தத் தப்பு. போன மாசம் சேர்ந்தவங்களா இருந்தா போட்டோவைப் பாத்திருப்பாங்க."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். டாக்டர் அறிக்கையின் நகலை இழுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தார். "நானும் ஒண்ணும் யோக்கியம் இல்ல. அந்தப் படத்தைப் பாத்துட்டு 'செல்லைப் பார்க்க முடியலை'ன்னு எழுதியிருக்கணும். 'காணப்படவில்லை'ன்னு எழுதிட்டேன். தையல் வேலை பாக்கறவர்னு ஃபைல்லயே இருக்கு, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். "வெள்ளி காலைல முதல் ஆளா அவரை வர வைங்க. படிவத்துல உங்க தப்பை நீங்க எழுதுங்க. என்னோடதை நான் எழுதறேன்."

கீழே வந்து டிரைவரிடம் சொன்னாள். மனிதர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார், சிரித்து முடித்தபோது கன்னம் நனைந்திருந்தது.

"அவனுக்கு ஃபோன் போட்டுச் சொல்லுங்க சார்."

"திங்கட்கிழமையிலேருந்து ஃபோனை அணைச்சுப் போட்டுட்டான். நேர்ல போனாத்தான் உண்டு. வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்."

யார் யாரைக் கூட்டிக்கொண்டு போனார்கள் என்பது வேடிக்கையான கேள்வி. தெருவில் அவர் அவள் தோளைப் பிடித்து நடந்தார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் ஆள் மாறிவிட்டார். அந்த வழித்தடத்தில் ஒன்பது வருடம் ஓட்டியவர். "இப்ப இடது பக்கம் திரும்புவான். பள்ளம் வரும், பிடிச்சுக்குங்க. அடுத்தது மரக்கடை நிறுத்தம்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு திருப்பத்தில் ஓட்டுநர் பிரேக்கை அழுத்திப் போட்டதற்கு, "கத்துக்குட்டி" என்று முணுமுணுத்தார். அவளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

கடை குறுகலாக, ஒரு நடைபாதையை மூடி வைத்தது போல நீளமாக இருந்தது. இரண்டு தையல் யந்திரங்களில் ஒன்றுக்கு உறை போட்டாயிற்று. வெட்டின துணிகளும் வெட்டாத துணிகளும் மூட்டை மூட்டையாகக் கட்டி, மேலே அளவுச் சீட்டைக் குத்தி வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. தையல்காரர் தரையில் உட்கார்ந்து இன்னொரு மூட்டையை முடிந்துகொண்டிருந்தார். அண்ணனைவிட ஐந்து வயது சின்னவர். வழுக்கையைப் பார்த்தால் ஐந்து வயது பெரியவர் என்று தோன்றும்.

"யாரு?" என்றார் வாசல் பக்கம் திரும்பி.

"நான்தான்டா" என்றார் டிரைவர். "இதெல்லாம் என்ன மூட்டை?"

"எதிர்க்கடைக்காரர் எடுத்துக்கறேன்னுட்டாரு. பாதியில கண்ணு போயி மத்தவங்க துணியைப் பாழாக்கறதுக்கு, இப்பவே கொடுத்துட்டா மரியாதை. கூட யாரு?"

"கண் ஆஸ்பத்திரியிலேருந்து வர்றேன் சார். படம் எடுப்பேனே."

"அசையாதீங்க மேடமா?" அவர் எழுந்துகொள்ளவில்லை. "இன்னும் என்ன இருக்கு எடுக்க?"

அவள் அவருக்கு எதிரில் தரையிலேயே உட்கார்ந்தாள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் கைகொடுக்கவில்லை. "சார், அன்னைக்கு உங்க வாயில நான் வச்சது உங்க அச்சு இல்ல. உங்க அண்ணனோடது. நம்பரைத் தப்பா எழுதிட்டேன். அதனாலதான் படம் சரியா வரல. உங்களுக்குச் செல் இல்லன்னு சொன்னது தப்பு. இருக்கான்னு நாங்க இன்னும் பாக்கவே இல்ல" என்றாள்.

தையல்காரரின் கை முடிச்சிலேயே நின்றது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

"நான் சொன்னேன்" என்றார் மெதுவாக. "குத்துதுன்னு சொன்னேன்."

"சொன்னீங்க."

"அப்புறமும் சொன்னேன். வாயில கட்டையை வச்சுட்டா எப்படிச் சொல்றது? ம்ம் ம்ம்னு சொன்னேன்."

"நான் காதுல வாங்கல சார். மன்னிச்சுடுங்க."

"மூணு நாளா நான் எப்படி இருந்தேன்னு தெரியுமா உங்களுக்கு?" குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். "என் வீட்டுக்காரி முகத்தை மனப்பாடம் பண்ணிட்டு இருந்தேன் மேடம். பக்கத்துல கூப்பிட்டு உட்கார வச்சு, மூக்கு இப்படி, மச்சம் இங்கன்னு. அவ பயந்துபோயிட்டா."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைத்துக்கொள்ளவும் வெட்கமாக இருந்தது. திட்டட்டும், என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், வெள்ளிக்கிழமை வந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அவர் கையருகே இருந்த மூட்டையைத் தடவினார். மேலே குத்தியிருந்த அளவுச் சீட்டில் விரல் நின்றது. என்ன நினைத்துக்கொண்டாரோ, மூச்சை இழுத்து விட்டார்.

"அளவுச் சீட்டு மாறிப்போச்சுன்னு சொல்லுங்க."

"ஆமா சார். அதேதான்."

"எனக்கும் ஒருதடவை மாறிச்சு. குண்டா ஒருத்தர், ஒல்லியா ஒருத்தர், ஒரே நிறத் துணி. ரெண்டு பேருக்கும் மாத்தித் தைச்சுட்டேன். ஒல்லியா இருந்தவர் போட்டுப் பாத்துட்டு, 'இடுப்பு நிக்கலயேப்பா'ன்னாரு. 'போடப் போடச் சரியாயிடும் சார்'னேன்." அவர் உதடு ஒரு பக்கம் கோணியது. "பேண்ட் இடுப்பு போடப் போட எப்படிச் சரியாகும்? வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிட்டேன். மறுநாள்தான் தெரிஞ்சுது."

"என்ன பண்ணீங்க?"

"வேற என்ன, பிரிச்சுத் தைச்சேன்."

டிரைவர் இதற்குமேல் பொறுக்க மாட்டாமல், "டேய், வெள்ளிக்கிழமை காலைல வர்றியா இல்லையா, அதைச் சொல்லு" என்றார்.

"இரு அண்ணா. அப்ப உன் பல்லு பட்ட கட்டையையா நான் அரை மணி நேரம் கடிச்சுட்டு இருந்தேன்?"

"ஸ்பிரிட்ல கழுவினதுதான் சார்" என்றாள் அவசரமாக.

"சின்ன வயசுல என் வாயில இருந்த மிட்டாயைப் பிடுங்கித் தின்னவன் நீ. இப்ப ரொம்பத்தான் சுத்தம் பாக்கறே" என்றார் டிரைவர்.

தையல்காரர் மூட்டையின் முடிச்சை அவிழ்க்கவும் இல்லை, இறுக்கவும் இல்லை. "இந்த தடவையும் இல்லன்னு வந்துச்சுன்னா?" என்று கேட்டார். கேள்வி அவளைப் பார்த்துத்தான்.

"வரலாம் சார். இருக்கும்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ஆனா இந்த தடவை உங்க கண்ணைப் பாத்துட்டுச் சொல்வேன்."

வெள்ளிக்கிழமை அவள் ஏழரைக்கே வந்துவிட்டாள். யந்திரத்தைச் சூடாக்கி, கண்ணாடியைச் சரிபார்த்து, ஃபைலைத் திறந்து பல் போட்டோவை அச்சோடு ஒத்துப் பார்த்தாள். இரண்டு முறை. எட்டரைக்குச் சகோதரர்கள் வந்தார்கள். சொட்டு மருந்து இந்த முறை மூன்றாம் தடவையில் பிடித்துக்கொண்டது. பெரிய டாக்டர் கீழே இறங்கி வந்து, சுவரோரம் நின்றார். அவர் கீழே வந்து நின்று யாரும் பார்த்ததில்லை.

"கடிங்க சார்" என்றாள். பல் ஒவ்வொன்றும் குழிக்குள் போய் உட்கார்வது அவர் தாடையைப் பார்த்தபோதே தெரிந்தது. இருந்தாலும் கேட்டாள். "சரியா உட்கார்ந்திருக்கா? இல்லன்னா கையைத் தூக்குங்க."

கை மடியிலேயே இருந்தது.

"பச்சைப் புள்ளியையே பாருங்க. மங்கலாத் தெரிஞ்சாலும் பரவாயில்ல."

விளக்கை அணைத்தாள். திரையில் முதலில் சாம்பல் நிறம்தான். ரத்தக் குழாயின் நிழல் ஒன்று குறுக்கே வந்து போனது. ஓரத்தில் வெறுமை. அங்கே எதிர்பார்த்ததும் அதுதான். அவள் குமிழை இம்மி இம்மியாகத் திருப்பி நடுப்பக்கம் நகர்த்தினாள். வெறுமை. இன்னும் கொஞ்சம். வெறுமை. அவர் அசையாமல்தான் இருந்தார்; அவள் கைதான் ஆடியது. நிறுத்தி, உள்ளங்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மறுபடி தொட்டாள்.

கண்ணாடி ஒருமுறை தன் முகத்தைக் கோணிக்கொண்டது. சாம்பல் மூட்டம் விலகி, கருப்புத் துணியில் அரிசியைச் சிந்தியது போல வெள்ளைப் புள்ளிகள் எழும்பி வந்தன. ஒன்றையொன்று ஒட்டி, வரிசையாக. நடுநடுவே ஓட்டைகள் இருந்தன, விளிம்பு கிழிந்த துணி மாதிரி இருந்தது. ஆனால் நடுவில், சரியாக நடுவில், ஒரு தீவு போலச் செல்கள் உயிரோடு நின்றன.

அவள் பதிவு செய்தாள். பன்னிரண்டு இடங்கள், ஒவ்வொன்றும் மூன்று முறை. மூச்சு விட மறந்ததும் அவள்தான். முடித்து விளக்கைப் போட்டபோது பெரிய டாக்டர் ஏற்கெனவே திரைக்கு முன்னால் குனிந்து நின்று விரலால் எண்ணிக்கொண்டிருந்தார்.

"போதும்" என்றார் டாக்டர். "தேவைக்கு மேலயே இருக்கு." பிறகு தையல்காரர் பக்கம் திரும்பி, "இந்த மருந்து புதுசா ஒண்ணும் கொடுக்காது, அதை முதல்ல தெரிஞ்சுக்குங்க. ஆனா காப்பாத்தறதுக்கு உங்ககிட்ட இருக்கு. உங்க பேரைச் சேர்க்கறேன். நான் எழுதினது தப்பு, அதுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கறேன்" என்றார்.

தையல்காரர் அச்சை வாயிலிருந்து எடுத்தார். மருந்து விட்ட கண் கூச, கையால் மறைத்துக்கொண்டார். "எனக்கு இப்ப ஒண்ணும் தெரியல மேடம். எங்க இருக்கு?"

அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் டிரைவர் திரைக்குப் பக்கத்தில் போய்விட்டார். தனக்கு மிச்சமிருந்த குழாய்ப் பார்வையை அங்கே கொண்டுபோய் வைத்து, மூக்கு இடிக்கும் தூரத்தில் நின்று பார்த்தார்.

"இருக்குடா" என்றார். குரல் உடைந்தது. "ஒண்ணு ஒண்ணா நிக்குது. அங்கங்க கிழிஞ்சிருக்கு. ஆனா நிறைய இருக்குடா. நீ போடற தையல் மாதிரி நெருக்கமா இருக்கு."

தம்பி கையால் மறைத்த கண்ணோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். மறைத்த கைக்கு அடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. "மருந்து எரியுது" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு இருவர் பெயரோடும் பட்டியல் போனது. அதற்கு முன்பே அவள் பழைய படிவத்தில் 'தெளிவு' என்பதை அடித்து, பக்கத்தில் 'அச்சு மாறியது. நோயாளி சொன்னார், நான் கேட்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து, மருந்து போடுவதற்கு முந்தின நாள், கடைசியாக ஒரு படம் எடுக்க இருவரும் வந்தார்கள். தையல்காரர் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அவள் மேசையில் வைத்தார். கட்டைவிரல் அகலத்தில் இரண்டு துணிப் பட்டைகள், நுனியில் கட்டுவதற்கு நாடா வைத்தது. ஒன்றில் நீல நூலால் 17-1, இன்னொன்றில் சிவப்பு நூலால் 17-2. எழுத்துத் தையல் பொடிப்பொடியாக, கோணாமல் இருந்தது.

"நூல் கோத்தது வீட்டுக்காரி. தைச்சது நான். ஸ்பிரிட்ல நாலு நாள் ஊற வச்சுப் பாத்துட்டேன். போகல."

அவள் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கத்து நூலும் முன்பக்கத்தைப் போலவே சுத்தமாக முடிந்திருந்தது. "எதிர்க்கடைக்காரர்கிட்ட கொடுத்த துணியெல்லாம்?" என்று கேட்டாள்.

"திரும்ப வாங்கிட்டேன். அந்த ஆளுக்குக் காலர் தைக்க வராது."

அவள் பட்டைகளை இரண்டு அச்சிலும் கட்டினாள். அதற்கப்புறமும் ஃபைலைத் திறந்து போட்டோவைப் பார்த்தாள். தையல்காரர் நாற்காலியில் உட்கார்ந்து அச்சைக் கடித்தார்.

"சரியா உட்கார்ந்திருக்கா? இல்லன்னா கையைத் தூக்குங்க."

கை உயர்ந்தது.

அவள் ஓடிப் போய்க் கம்பியைத் தளர்த்தினாள். "என்ன சார்? எங்க குத்துது? இடது பக்கமா?"

அவர் அச்சை வாயிலிருந்து எடுத்தார். "எங்கேயும் குத்தல" என்றார். "நான் சொன்னா வர்றீங்களான்னு பாத்தேன்."

சுவரோரம் உட்கார்ந்திருந்த டிரைவர் அடக்க முடியாமல் சிரித்தார். அவளும் சிரித்துவிட்டு, அச்சைத் திரும்ப அவர் பற்களுக்கு நடுவில் வைத்தாள். இந்த முறை கை மடியில் இருந்தது. அவள் அதையே கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு, பிறகுதான் விளக்கை அணைத்து, "அசையாதீங்க" என்றாள்.